பாட்டுக்கு முன்னால் வரும் மூச்சு

ஆகஸ்ட் மாதத்தில் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறவரை முதலில் பிடித்துக்கொள்வது காற்றுதான். பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பியதிலிருந்து உப்பளங்களும் காற்றாலைகளும் கூடவே வரும். கோயில் வளவுக்குள் நுழைந்தால் மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கேன், சேலையால் மறைத்துக் கட்டிய தொட்டில். சிங்களமும் தமிழும் ஒரே நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிடும். மார்ச்சில் ஒரு திருவிழா, ஆகஸ்டில் இன்னொன்று. ஆகஸ்டில்தான் சோளகம் கடலிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் பெருநாளுக்கு முந்திய மாலை, வெஸ்பர் ஆராதனைக்குக் குருமடத்துப் பிரதர்மார் பாட வந்திருந்தார்கள். வெள்ளை அங்கியில் முப்பது பேர் வரை. ஒலிவாங்கி ஏற்கெனவே திறந்திருந்தது. பாட்டுத் தொடங்குவதற்கு அரை விநாடி முன்னால் முப்பது பேரும் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்த சத்தம் ஒலிபெருக்கி வழியாக முற்றம் முழுக்கப் பரவியது. அலை திரும்பும்போது ஈர மணல் ஒரு சத்தம் போடுமே, அதே சத்தம். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. சிங்களப் பாட்டு, நான்கு குரல் பிரிந்து போகும் பாட்டு.

எனக்குப் பக்கத்தில் மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் நின்றார். கையில் அணைந்த மெழுகுதிரி. பாட்டின் மூன்றாவது அடியில் அவர் முன்கையை என் பக்கம் நீட்டிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது. கண் நிறைந்திருந்தது.

"சிங்களம் எனக்கு அவ்வளவா விளங்காது தம்பி. ஆனா இதைக் கேட்டா இப்பிடித்தான் வருது."

விளங்காத மொழியில் பாடப்படும் பாட்டுக்கு ஏன் மயிர் சிலிர்க்க வேண்டும்? ஏன் கண் நிறைய வேண்டும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் விடவில்லை.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, மெய்ப்பாடு. மனத்தில் நடப்பது மெய்யில், அதாவது உடம்பில், படுவது. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதற்கு ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். உணர்ச்சி உள்ளே இருப்பது, உடம்பு வெளியே இருப்பது என்று பிரிக்காமல், உடம்பில் தெரிவதையே உணர்ச்சியின் பெயராக்கிய அந்தப் பார்வைக்கு இன்றைய ஆய்வுக்கூடங்கள் கருவிகளோடு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன.

முதலில் தோல். ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் மிகச் சிறிய தசை ஒன்று இருக்கிறது. குளிரிலும் பயத்திலும் பரிவு நரம்புகள் அதை இழுக்கின்றன. உடம்பெல்லாம் ரோமம் இருந்த காலத்தில் இது பயன்பட்டது. மயிர் எழுந்தால் இடையில் காற்று தங்கும், குளிர் குறையும், எதிரிக்கு முன் உருவமும் பெரிதாகத் தெரியும். ரோமம் போய்விட்டது, தசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே தசைதான் பாட்டுக்கும் அசைகிறது.

கண்ணீர் வேறு வழியில் வருவது. ஜப்பானிய ஆய்வாளர்களான மோரியும் இவானாகாவும் 2017இல் இந்த இரண்டையும் தனித்தனியே அளந்தார்கள். சிலிர்ப்பு வரும்போது உடம்பு கிளர்ச்சி அடைகிறது, தோலில் வியர்வையின் மின்கடத்தல் ஏறுகிறது. பாட்டுக்குக் கண்ணீர் வரும்போது மூச்சு மெதுவாகி, உடம்பு தணிகிறது. ஒன்று உலுக்குகிறது, மற்றது இளக்குகிறது. "உருகினேன்" என்று நாம் சொல்வது இரண்டாவதைத்தான். அந்த அம்மாவுக்கு ஒரே பாட்டில் இரண்டும் வந்தன, முதலில் கை, அப்புறம் கண்.

எந்த இடத்தில் எது வருகிறது? ஆங்கிலேய உளவியலாளர் ஜான் ஸ்லொபோடா 1991இல் 83 பேரிடம் கேட்டார். எந்தப் பாட்டு என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பாட்டின் எந்த இடம் என்று காட்டுங்கள் என்றார். எதிர்பாராத சுரக்கூட்டு திடீரென்று வந்த இடத்தைச் சிலிர்ப்புக்காரர்கள் காட்டினார்கள். கண்ணீர்க்காரர்கள் பெரும்பாலும் காட்டியது வேறு வகை இடத்தை. குரல் போய்ச் சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு படி அப்பால் தயங்கி நின்று, பாரத்தோடு சாய்ந்து, பிறகு உரிய இடத்தில் இறங்குகிற இடம் அது. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியின் கடைசியில் குரல் உடனே இறங்காது, விளிம்பில் தொங்கும். கேட்பவரின் தொண்டையும் அதோடு தொங்கும்.

இனி அந்த மூச்சுச் சத்தம். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ரொபேர்ட் சற்றோரேயும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டுக்குச் சிலிர்ப்பவர்களின் மூளையில் டோபமின் சுரப்பதைக் காட்டியது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும்போது வேலை செய்யும் அதே பொருள்தான் இது. அது ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சுரக்கவில்லை. உச்சம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, எதிர்பார்ப்பில், மூளையின் ஒரு பகுதியில் சுரந்தது. உச்சம் வந்தபோது வேறொரு பகுதியில் சுரந்தது. வரப்போகிறது என்பதற்கே ஒரு பங்கு இன்பம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. முப்பது பேர் மூச்சை இழுக்கும் அந்த அரை விநாடியில் பாட்டு இன்னும் தொடங்கவில்லை, ஆனால் முற்றத்தில் நிற்கும் ஆயிரம் பேரின் உள்ளே என்னவோ தொடங்கிவிடுகிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

மொழி விளங்காமல் கேட்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகளார் 1690இல் புத்தளத்துக்கு வந்து ஒரு வருடம் பணி செய்துவிட்டே கண்டிக்குப் போனார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம். பகிரங்கமாகப் பாட முடியாது. 1705இல் அவருக்குத் துணையாக வந்த இன்னொரு கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ். சிங்களத்தையும் தமிழையும் கற்று இரண்டிலும் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" தவக்காலத்தில் இராகம் போட்டு வாசிக்கப்படுவது. 1742இல் அவர் காலமான போலவத்தை இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில், ரயில் பாதை ஓரத்தில் இருக்கும் ஊர். பாடுகளின் பாட்டைத் தமிழில் பசாம் என்கிறோம், சிங்களத்தில் பசன் என்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கேயச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை. அழுகைக்கு வைத்த பெயரே மூன்று மொழி கடந்து வந்த பெயர்.

அதோடு, சிலாபத்திலிருந்து தெற்கே உள்ள கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல ஒன்றிரண்டு தலைமுறைக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியவை. பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரப்பிள்ளை சிங்களத்தில் பதில் சொல்லிய வீடுகள் அவை. தங்கொட்டுவைப் பக்கத்தில் 1902இல் பிறந்த மார்செலின் ஜயக்கொடி அடிகளார் சிங்களத் திருப்பாடல்களுக்கு மண்ணின் மெட்டைக் கொண்டுவந்தவர். "ரேகாவ" படத்துக்குப் பாட்டெழுதியவரும் அவர்தான். அந்தப் பாட்டுகளைத் தமிழ் வீடுகளிலும் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் மேலே லத்தீன் இருந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களின் மொழிகளுக்குக் கதவைத் திறக்கும் வரை வழிபாட்டின் மொழி அதுதான். குருமடங்கள் அதன் பாட்டுக்கூடங்களாக இருந்தன. 1903 நவம்பர் 22ஆம் திகதி, இசைஞரின் பாதுகாவலியான செசிலியம்மாளின் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளை, குருமடங்களில் கிரகோரியன் இசையை அக்கறையோடு பயிற்றவேண்டும், பாடகர் குழுக்கள் அமைக்கவேண்டும் என்றது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1893இல், பதின்மூன்றாம் சிங்கராயர் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை ஏற்படுத்தியிருந்தார். அது 1955இல் பூனாவுக்குப் போய்விட்டது. அம்பிட்டியில் இன்று தேசிய குருமடம் இருக்கிறது. இன்று பிரதர்மார் மூன்று மொழியில் பாடுகிறார்கள். சேர்ந்து மூச்செடுக்கும் பழக்கம் அந்தப் பழைய பயிற்சியின் சொத்து.

சொல் விளங்குவதற்கு முன் இசை ஆளைப் பிடித்துவிடுகிறதே என்று இதைப் பற்றி முதலில் கலங்கியவர்களில் ஒருவர் புனித அகுஸ்தீனார். 387இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், கோயிலில் பாடக் கேட்டு அழுததை அவரே எழுதியிருக்கிறார். பின்னால் அதே நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அசைத்துவிடும்போது அதைக் குற்றமாக எண்ணுவதாகவும் சொல்கிறார். பதினாறு நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கலக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். காது ஏமாறுவதில்லை, சொல்லை எதிர்பாராமலே அது ஒன்றை விளங்கிக்கொள்கிறது.

அது என்ன ஒன்று? விலங்குகளின் உணர்ச்சிகளை ஆராய்ந்த யாக் பாங்செப், 1995இல் பாட்டுச் சிலிர்ப்பைப் பற்றி எழுதினார். மகிழ்ச்சியான பாட்டைவிடச் சோகமான பாட்டுக்கே சிலிர்ப்பு அதிகம் வருவதைக் கண்டார். தாயைப் பிரிந்த குட்டி கத்தும் கத்தலின் சாயலை அந்தப் பாட்டுகளில் காது கேட்கிறது, அந்தக் கத்தல் கேட்பவருக்குக் குளிர் ஏறச் செய்து, சேர்ந்து அணைக்க உந்துகிறது என்பது அவருடைய ஊகம். நிரூபணம் இல்லை, ஊகம்தான். ஆனால் வியாகுல மாதா மகனுக்காகப் புலம்பும் பசாம் பாட்டைப் பெரிய வெள்ளியன்று கேட்டவருக்கு அது வெறும் ஊகமாகத் தோன்றாது.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பான ஆய்வு பிராங்பேர்ட்டில் நடந்தது. குந்தர் கிறொய்ட்சும் நண்பர்களும் 2004இல் வெளியிட்டது. தொழில்முறை அல்லாத ஒரு பாடகர் குழுவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர்கள் மொசார்ட்டின் இறந்தோர் திருப்பலி இசையைப் பாடினார்கள். இன்னொரு வாரம் பாடாமல், பதிவைக் கேட்டார்கள். இரண்டு தடவையும் முன்னும் பின்னும் எச்சில் எடுத்துச் சோதித்தார்கள். பாடிய நாளில் மனநிலை உயர்ந்தது, எச்சிலில் நோய் எதிர்க்கும் புரதம் ஒன்றும் கூடியது. கேட்ட நாளில் அப்படி நடக்கவில்லை. கேட்டவர்களின் மனம் முன்னைவிடக் கனத்தது, சோகம் கூடியது. ஆனால் உடம்பின் நெருக்கடிச் சுரப்பான கோர்ட்டிசோல் குறைந்தது.

இதை நான் பல தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன். மனம் சொன்னது ஒன்று, உடம்பு செய்தது இன்னொன்று. துக்கம் கூடியது, பதற்றம் இறங்கியது. சிறிய குழுவில் நடந்த சோதனை, அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் செத்த வீட்டில் ஒப்பாரி வைத்து முடித்த பெண்கள் எழுந்து, முகம் கழுவி, தேநீர் ஊற்றத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அழுதால் பாரம் இறங்கும் என்று நம் அம்மாமார் சொன்னதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருந்திருக்கின்றன.

இனிக் காற்றில் நடப்பது. ஒரு குரலுக்கும் முப்பது குரலுக்கும் வித்தியாசம் சத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. ஒருவர் விநாடிக்கு 220 அதிர்வில் பாட, பக்கத்தில் நிற்பவர் 222இல் பாடினால் காதுக்கு ஒரே சுரம்தான். ஆனால் அது விநாடிக்கு இரண்டு தடவை வீங்கி வடியும். முன்னேசுவரம் கோயிலில் இரட்டை நாதஸ்வரம் ஒன்றாக ஊதும்போது ஒலி மினுங்குவதும் இப்படித்தான். முப்பது தொண்டையிலும் முப்பது சிறு விலகல். ஒவ்வொரு சோடியும் தன் வேகத்தில் வீங்கி வடிய, எதையும் காது தனியே பிடிக்க முடியாமல் போகிறது. ஆளில்லாத ஒரு குரல் கேட்கிறது. கணினி திருத்திய துல்லியமான முப்பது குரலைவிட இந்தப் பிசகுகள் சேர்ந்த குரல் ஏன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

ஐரோப்பியத் தேவாலயங்களின் கற்சுவர் ஒலியைப் பல விநாடிகள் வைத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. அறையின் ஒலியை முதன்முதலில் அளந்த ஹார்வர்ட் பௌதிகவியலாளர் வாலஸ் சபைன், எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்று சொல்ல எடுத்த அலகு திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலுக்குள் போன ஒலி திரும்பாது. திருவிழா நாளில் நம் கோயில்களுக்குக் கதவெல்லாம் திறந்துதான் இருக்கும். மிச்சத்தை உள்ளே நெருங்கி நிற்கும் சனத்தின் உடம்பும் உடுப்பும் விழுங்கும். அதனால் இங்கே சொல்லும் சுரமும் உலர்ந்து, கிட்டவாக, காதோரமாக விழுகின்றன. ஒலிபெருக்கியில் வந்த மூச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே போன ஒலி எங்கே போகிறது? சோளகக் காற்று கடலிலிருந்து களப்புப் பக்கம் வீசுகிறது. தரையை ஒட்டிய காற்று மரத்திலும் மணலிலும் உராய்ந்து மெதுவாகப் போக, மேலே போகும் காற்று வேகமாகப் போகிறது. அதோடு போகும் ஒலியின் மேல்பகுதி முந்திக்கொள்வதால் ஒலி முழுவதும் தரையை நோக்கி வளைகிறது. எதிர்த்துப் போகும் ஒலிக்கு நேர்மாறு, அது மேலே வளைந்து வானத்துக்குப் போய்விடும். அதனால் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் படகுக்கு எட்டாத பாட்டு, எதிர்ப்பக்கம் களப்பில் வலை போட்டிருப்பவருக்குத் துண்டு துண்டாக எட்டும். காற்று மாறும் வாடைக்காலத்தில் இது தலைகீழாகும்.

மூச்சுக்கு மறுபடி வருகிறேன். சுவீடனின் கோத்தன்பேர்க்கில் பியோர்ன் விக்ஹொஃப் குழுவினர் 2013இல், சேர்ந்து திருப்பாடல் பாடும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. பாட்டின் அடி மூச்சை ஆள்கிறது, மூச்சு இதயத்தை ஆள்கிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்புக் கூடும், விடும்போது குறையும். 2001இல் லூசியானோ பெர்னார்தி என்ற இத்தாலிய மருத்துவர் 23 பேரை லத்தீனில் மங்கள வார்த்தைச் செபம் சொல்ல வைத்து அளந்தார். மூச்சு நிமிடத்துக்கு ஆறாக இறங்கியது. இரத்த அழுத்தத்துக்கென்று பத்து விநாடிக்கு ஒன்று என ஓர் இயல்பான அலை உண்டு. செபத்தின் மூச்சு சரியாக அதன்மேல் போய் உட்கார்ந்தது. திபெத்திய மந்திரம் ஒன்றும் அதே வேலையைச் செய்தது. செபமாலை மணி உருட்டும் கிழவி, மருத்துவம் படிக்காமலே கண்ட தாளம் அது.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் பிடிபடும். ஒருவர் எடுத்துக்கொடுக்க, கயிற்றில் நிற்பவர்கள் சேர்ந்து வாங்குவார்கள். வாங்கும் சொல்லில்தான் இழுப்பு. அதற்கு முந்திய நொடியில் குதிகால் மணலில் புதையும், வயிறு உள்ளே போகும், எல்லோருக்கும் ஒரே மூச்சு. அங்கே மூச்சுத் தப்பினால் வலை நிற்கும். பிரதர்மாரின் பாட்டில் வலை இல்லை, கயிறு மட்டும் இருக்கிறது.

அப்படியானால் கேட்டுக்கொண்டு நிற்பவர்? 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெர்லினில் கச்சேரி கேட்க வந்த 132 பேரின் உடம்பை அளந்தார்கள். பாட்டில்லை, தந்தி வாத்தியம். கேட்டவர்களின் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் ஒன்றையொன்று நெருங்கின. ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இழுத்து ஒரே நொடியில் விடவில்லை. பாடுபவருக்குக் கிடைக்கும் முழு ஒற்றுமை கேட்பவருக்கு இல்லை, அதன் விளிம்பு கிடைக்கிறது.

இதெல்லாம் எல்லா மனிதருக்கும் ஒன்றுதானா என்றால், இல்லை. பணத்திலும் மற்ற இன்பங்களிலும் குறையில்லாமல், காதும் சரியாக இருந்து, பாட்டு மட்டும் எதுவும் செய்யாத மனிதர்களை 2014இல் பார்சலோனா ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கோயில் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பவரை இறுகின நெஞ்சுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று, சுரங்கள் இணைந்து ஒலிப்பது இனிமை என்பதே பழக்கம் தந்ததாக இருக்கலாம். பொலிவியாக் காட்டில் சிமானே மக்களிடம் 2016இல் ஜோஷ் மக்டெர்மட் கேட்டுப் பார்த்தார். சேரும் சுரமும் சேராத சுரமும் அவர்களுக்கு ஒரே அளவு பிடித்தன. அவர்கள் கூட்டுச்சுருதியில் பாடும் வழக்கம் இல்லாதவர்கள். நான்கு குரல் பிரியும் இடத்தில் எனக்குச் சிலிர்ப்பது, சிறு வயதில் ஞாயிறு தோறும் அந்தப் பலகை வாங்கில் உட்கார்ந்ததால். பசாமின் ஒற்றைக் குரலுக்கு மட்டும் அழுது, நான்கு குரலுக்கு அசையாத பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காது வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது.

சார்டீனியாத் தீவின் காஸ்தெல்சார்தோவில், பரிசுத்த வாரத்தில் பாடும் சகோதர சபையினர் நால்வர் தலையோடு தலை நெருங்கி நின்று பாடுவார்கள். குரல்கள் சரியாகப் பொருந்தும் கணத்தில் ஐந்தாவதாக ஒரு குரல் மேலே கேட்கும். பாடுவது நான்கு பேர்தான். நான்கு குரலின் மேல்சுரங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று பெருக்குவதால் வரும் குரல் அது. இசையியலாளர் பெர்னார் லோர்தா யாக்கோப் அதைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார். அந்த ஊர் மக்கள் அதை மாதாவின் குரல் என்கிறார்கள்.

தலவிலையில் அன்று ஐந்தாவது குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆராதனை முடிவில் நற்கருணை ஆசீருக்கு முன் பிரதர்மார் பழைய லத்தீன் "தாந்தும் எர்கோ"வை எடுத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் எழுதியது. ஒலிபெருக்கியில் மறுபடி அந்த மூச்சு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மன்னார் அம்மா கண்ணை மூடியிருந்தார். அவருடைய தோளும் மேலே ஏறியிருந்தது. பிறகு குரல் வந்தபோது அவரும் லத்தீனில் பாடினார், ஒரு சொல்லும் பிசகாமல்.